ஏழுமலை போட்ட வயரிங்

நல்ல தொழில்காரர் ஒருவரின் பெயரை நான் கெடுத்தேன். அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகும் இரண்டரை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அவர் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக எழுந்த வீடுகளுக்கு வயரிங் செய்துவந்த எலக்ட்ரீஷியன். பிழை என்னுடையது. அதற்காக ஊரைவிட்டுப் போனவர் அவர்.

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி நிர்மலா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்வுபெறப் போகும் சமயத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இன்று அங்கே அதிகாரி. “சார், டவுன்ல மிச்சம் இருக்குற செம்புக் கேபிளையும் எடுக்கப் போறோம். இனிமே எல்லாம் ஃபைபர்தான். நீங்கல்லாம் குழில எறங்கி ஜாயின்ட் போட்டது, மழைல நனைஞ்சது எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்க படிக்கட்டும்” என்றார். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் குழியும் மழையும் வரவில்லை. ஒரு மாடி அறையும் அங்கே எரிந்த சிறிய சிவப்பு விளக்கும்தான் வந்தன. அதனால் அதையே எழுதுகிறேன். பெயரைப் போடலாமா என்று ஏழுமலையிடம் கேட்டேன். “இனிஷியலோட போடுங்க சார். இந்த ஊர்ல ஏழுமலை நூறு பேர் இருக்கான்” என்றார். போட்டுவிடுகிறேன்: கோ. ஏழுமலை, அடி அண்ணாமலை.

நான் போளூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். இயற்பியலில் பட்டம் பெற்று, தேர்வு எழுதி, சென்னையில் ஒரு வருடப் பயிற்சி முடித்துத் திருவண்ணாமலைத் தொலைபேசி நிலையத்துக்கு வந்தேன். அந்தப் பயிற்சியில் படித்ததில் முக்கால்வாசி இன்று நினைவில் இல்லை. என் முதல் மேலதிகாரி சபாபதி சார் மட்டும் நன்றாக நினைவில் இருக்கிறார்.

குள்ளமான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பழுது நீக்கியாயிற்று என்று போய்ச் சொன்னால் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகுவார். பிறகு, “சரி பண்ணிட்டியா? நல்லது. இப்ப அத திரும்பக் கெடு” என்பார். விளையாட்டாகச் சொல்லவில்லை. எதை மாற்றினோமோ அதைப் பழையபடி வைக்க வேண்டும். பழுது திரும்ப வர வேண்டும். மறுபடி மாற்ற வேண்டும். பழுது போக வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்து காட்டினால்தான் பழுதுப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுத விடுவார். காட்ட முடியாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். அவர் இருந்த நாட்களில் எங்கள் பதிவேட்டில் பக்கத்துக்கு நாலு ‘தெரியவில்லை’ இருக்கும். மேலே இருந்து கேள்வி கேட்டு எழுதுவார்கள். அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். “தெரியலன்னு எழுதுறதுல ஒரு அவமானமும் இல்ல. தெரியாமலே ஒருத்தன் தலைல எழுதுறோம் பாரு, அதுதான் அசிங்கம்” என்பார்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தினமும் காலை பத்து மணிக்குமேல் தொலைபேசியில் கொரகொரவென்று இரைச்சல் வந்தது. நான் போய்க் கம்பத்தடியில் இருந்த கேபிள் இணைப்பைத் திறந்து புதிதாகப் போட்டேன். இரைச்சல் நின்றது. ‘கேபிள் இணைப்பில் ஈரம்’ என்று பதிவேட்டில் எழுதினேன். அந்த இணைப்பைப் போட்டவர் முனுசாமி என்ற மூத்த தொழிலாளி. சபாபதி சார் பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னோடு கிளம்பி வந்தார். “கெடு” என்றார். பழைய இணைப்பைத் திரும்ப மாட்டினேன். இரைச்சல் வரவில்லை. அப்போது மணி இரண்டு.

மறுநாள் பத்து மணிக்கு இருவரும் லாட்ஜின் மொட்டை மாடிக்கு ஏறினோம். கம்பத்திலிருந்து மாடிக்கு வரும் தொலைபேசி வயரில் ஈர வேட்டிகள் ஐந்தும் ஒரு சேலையும் குழந்தையின் கால்சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. கிரிவலம் முடித்துக் குளித்தவர்கள் உலர்த்தியவை. வயரின் மேலுறை வெயிலில் வெடித்திருந்தது. ஈரம் அந்த வழியாக உள்ளே போயிற்று. மதியத்துக்குள் துணி காய்ந்துவிடும், இரைச்சலும் நின்றுவிடும். சபாபதி சார் சேலை முந்தானையைப் பிழிந்து பார்த்துவிட்டு லாட்ஜ் மேனேஜரிடம், “இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்க போன் சரியாயிடும்” என்றார். துணிகளை எடுக்கவைத்தோம், திரும்பப் போட்டோம், எடுத்தோம். அலுவலகத்துக்கு வந்ததும் நான் எழுதியதை என்னையே அடிக்கச் சொன்னார். அதோடு விடவில்லை. முனுசாமியிடம் போய், உங்கள் இணைப்பில் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். தன்மேல் குற்றம் எழுதப்பட்டதே முனுசாமிக்குத் தெரியாது. “யாருய்யா என் ஜாயின்ட்ட சொன்னது?” என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்று சொல்லி அரை மணி நேரம் திட்டு வாங்கினேன்.

அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் முப்பது வருடத்துக்குமேல் வேலை பார்த்தேன். பழுது கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. விருப்ப ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், வீடுகளுக்கு வைஃபை அமைத்துத் தரும் வேலையைச் செய்ய ஆரம்பித்தேன். கொரோனா ஊரடங்கு வந்ததும் வீட்டுக்கு வீடு அலுவலகம் ஆயிற்று. எனக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. அதற்குள் சபாபதி சார் காலமாகியிருந்தார். என்னிடம் பதிவேடும் இல்லை. கெடுத்துக் காட்டச் சொல்ல யாரும் இல்லை.

கலெக்டர் ஆபீஸைச் சுற்றி வேங்கிக்காலில் எழுந்திருக்கும் வீடுகள் பெரும்பாலும் மாடி வீடுகள். கனமான கான்கிரீட் தளம். ரூட்டர் கீழே கூடத்தில் டிவி பக்கத்தில் இருக்கும். மாடி அறையில் வைஃபை எட்டாது. கேபிள் இழுக்கலாம் என்றால், புது பெயின்ட் அடித்த சுவரில் ஓட்டை போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அந்த வீடுகளுக்கு நான் மாட்டியது பவர்லைன் அடாப்டர். சோப்புப் பெட்டி அளவில் இரண்டு பெட்டிகள். ஒன்றைக் கீழே ரூட்டருக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி, ரூட்டரிலிருந்து ஒரு சின்ன கேபிளை அதில் கொடுக்க வேண்டும். மற்றதை மாடியில் ஒரு பிளக்கில் செருக வேண்டும். வீட்டு வயரிங்கில் மின்சாரம் போகும் கம்பியிலேயே இணையமும் ஏறி மாடிக்குப் போய்விடும். மாடிப் பெட்டி அங்கே வைஃபையாகப் பரப்பும்.

செய்முறை பெரியதில்லை. இரண்டையும் முதலில் பக்கத்துப் பக்கத்துப் பிளக்கில் செருகி, பொத்தானை அழுத்தி ஒன்றையொன்று அறிந்துகொள்ளச் செய்வேன். பிறகுதான் மாடிக்கு எடுத்துப் போவேன். சுவர்ப் பிளக்கில் நேரடியாகத்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பாதி வேகம் போய்விடும். அடாப்டரில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது. சிவப்பு எரிந்தால் இணைப்பு மோசம், அல்லது இல்லவே இல்லை.

தணிகாசலம் கலெக்டர் ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தெரு நலச் சங்கத்தின் செயலாளர். அவர் மருமகள் கவிதா மாடி அறையில் உட்கார்ந்து சென்னையில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் அழைப்புகளை எடுத்துவந்தார். பேச்சு நடுவில் அறுந்தால் அவர் பெயரில் புகார் ஏறும். புகார் சேர்ந்தால் வேலை போகும். ஒரு நாள் காலையில் போய் அடாப்டர்களை மாட்டினேன். பச்சை எரிந்தது. “மாமா, மாடில ஃபுல்லா வருது!” என்று கவிதா மேலிருந்து கத்தினார். தணிகாசலம் அன்றே தெருவின் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரையும் எண்ணையும் போட்டு, என்னையும் அதில் சேர்த்துவிட்டார்.

நாலாம் நாள் மாலை போன் வந்தது. மாடியில் நெட் சுத்தமாக இல்லை. ஒரே நாளில் மூன்று அழைப்புகள் அறுந்துவிட்டன. கவிதா அழுதுகொண்டிருக்கிறாள் என்றார் தணிகாசலம். நான் போகும்போது மணி ஐந்தரை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு என் மனம் பாதி கடிகாரத்தில் இருந்தது. காரணமாகச் சொல்லவில்லை, இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

மாடிப் பெட்டியில் சிவப்பு. மாடியில் இருந்த மூன்று பிளக்கிலும் மாற்றிச் செருகிப் பார்த்தேன். மூன்றிலும் சிவப்பு. கீழே கொண்டுவந்து செருகினால் பச்சை. பெட்டியில் கோளாறில்லை, மாடிக்குப் போகும் வழியில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். இது பாதி சரி. அந்தப் பாதிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

வீட்டுக்கு வயரிங் செய்தவர் என்பதால் ஏழுமலையையும் தணிகாசலம் வரச் சொல்லியிருந்தார். சட்டைப் பையில் டெஸ்டரோடு வாசற்படி ஓரமாக நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் இறங்கி வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “சார், மாடி இப்ப எல்லோ ஃபேஸ்ல ஓடுது. கீழ ரெட்டு. நீங்க மாட்டின அன்னிக்கு எல்லோ வரல, டிரான்ஸ்ஃபார்மர்ல வேலை நடந்துச்சு. இவங்க மாடியையும் ரெட்டுக்குத் திருப்பி வெச்சிருந்தாங்க. கரன்ட் வந்ததும் மறுபடி எல்லோல போட்டுட்டாங்க. அதனால இருக்குமா சார்?”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வீடுகளுக்கு மூன்று ஃபேஸில் மின்சாரம் வரும். ரெட், எல்லோ, ப்ளூ. கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று சுமையைப் பிரித்துக் கொடுப்பது நல்ல எலக்ட்ரீஷியனின் வேலை. ஒரு ஃபேஸ் போய்விட்டால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ள மெயின் பலகையில் திருகும் சுவிட்ச் இருக்கும். மின்விசிறி நின்றதும் யாராவது எழுந்து போய் அதைத் திருப்புவார்கள். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி. சாத்தியவருக்கே அது நினைவில் இருக்காது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் ஒன்றோடொன்று பேசுவது கஷ்டம். பெட்டியோடு வந்த கையேட்டில், இரண்டையும் ஒரே மின்சுற்றில் செருகவும் என்று ஒரு வரி இருக்கிறது. நான் அதைப் படித்திருந்தேன். வெளிநாட்டு வீடுகளுக்குச் சொன்னது என்று தள்ளிவிட்டேன்.

ஏழுமலைக்கு நான் சொன்ன பதில் இது: “ஏம்ப்பா, நெட்டுக்கும் ஃபேஸுக்கும் என்னய்யா சம்பந்தம்? நியூட்ரல்ல எங்கயோ ஜாயின்ட் லூஸா இருக்கு. மாடி வயரிங் சரியில்ல.”

“லூஸா?” என்றார் அவர். “ஜாயின்ட் பாக்ஸக் கழட்டிக் காட்டட்டுமா சார்? ஒவ்வொரு ஜாயின்ட்டும் நானே முறுக்கி டேப் சுத்துனது. பாத்துட்டுச் சொல்லுங்க.”

“இப்ப வேணாம். நேரமாச்சு.”

“அஞ்சு நிமிஷம் சார்.”

“வேணாம்னு சொன்னேன் இல்ல?”

படித்தவன் நான், கையால் கற்றவர் அவர். கூடத்தில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற ஒரு நினைப்பு எனக்கு அப்போதே வந்தது. வந்ததால்தான் குரல் உயர்ந்தது. நான் வண்டியை எடுக்கும்போது உள்ளே தணிகாசலத்தின் சத்தம் கேட்டது: “புது வீட்டுக்கு இப்பிடித்தான் வேலை செய்வியா? இனிமே இந்த கேட்டத் தாண்டி வராத.”

அடுத்த நாள் கையேட்டைத் திரும்பப் படித்தேன். அதற்கடுத்த நாள் காலையில் தனியாகப் போனேன். தணிகாசலம் வெளியே போயிருந்தார். கவிதா கதவைத் திறந்தார். மெயின் பலகையில் மாடிக்கான சுவிட்சை ரெட்டுக்குத் திருப்பினேன். மேலே ஓடிப் பார்த்தேன். பச்சை. எல்லோவுக்குத் திருப்பினேன். சிவப்பு. மறுபடி ரெட். பச்சை. இரண்டு முறை செய்து பார்த்தாயிற்று. காரணம் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. யாரும் திருப்பாதபடி அந்தச் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன்.

அப்போது தணிகாசலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். “ஆயிடுச்சா நயினார் சார்?”

“ஆயிடுச்சு.”

“பாருங்க, அந்த ஆளு பண்ண கோளாற நீங்க வந்து சரி பண்ண வேண்டியதா இருக்குது.”

ஒரு வாக்கியம் போதும். ‘கோளாறு அவருடையது இல்லை.’ கவிதா மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

அன்று மதியம் தெருக் குழுவில் தணிகாசலத்தின் செய்தி வந்தது. தொலைபேசித் துறையில் முப்பது வருட அனுபவம் உள்ள நிபுணர் வந்து, ஏழுமலை செய்த தவறான வயரிங்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். வீடு கட்டுகிறவர்கள் கவனமாக இருக்கவும். நான் அதைப் படித்தேன். பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். நான் செய்தவற்றில் ஒன்றை அழிக்கலாம் என்றால் அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

அந்தத் தெருவில் அப்போது மூன்று வீடுகள் பாதி எழுந்திருந்தன. மூன்றிலும் வயரிங் ஏழுமலைக்கு என்று பேசியிருந்தார்கள். மூன்று வேலையும் வேறு ஆட்களுக்குப் போயின. மின்சாமான் கடையில் ஒரு நாள் விசாரித்தேன். “ஏழுமலையா? அவன் பெங்களூரு போயிட்டான் சார். இங்க எவனும் கூப்புடல. எங்கயோ அபார்ட்மென்ட் வேலைல கூட்டத்தோட கூட்டமா சேந்துட்டானாம்” என்றார் கடைக்காரர். சரி என்று சொல்லி, வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அதே தெருவில் எனக்கு மட்டும் எட்டு வீட்டு வேலை கிடைத்தது. எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்து நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

இரண்டரை வருடம் கழித்து ஒரு பௌர்ணமி நாள் காலையில் அடி அண்ணாமலைக்குப் போயிருந்தேன். பக்தர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வைஃபை வேலை. கிரிவலப் பாதையோரம் மாலைக் கூட்டத்துக்காகக் கடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் ஏணிமேல் நின்று டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தவர் ஏழுமலை; பௌர்ணமிக் கடைக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். கீழே அவர் மனைவி செல்வி தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது மாதிரி போய்விடப் பார்த்தேன்.

“சார்! நல்லா இருக்கீங்களா?” மேலிருந்து அவரே கூப்பிட்டார். “அந்த வீட்ல நெட்டு வருதா சார்?”

குத்திக்காட்டவில்லை. தான் வயரிங் செய்த வீட்டைப் பற்றி உண்மையாகவே விசாரித்தார்.

“கொஞ்சம் கீழ வாங்க ஏழுமலை.”

இறங்கி வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, இரண்டாம் நாளே எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்? யார் சொன்னாங்க?”

“வயரிங் நான் போட்டது சார். எனக்குத் தெரியாதா?” கையில் இருந்த டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். “அதெல்லாம் பெரிய வார்த்தை சார். எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இவகிட்டச் சொல்லுங்க” என்று செல்வியைக் காட்டினார். “நான் ஏதோ தப்பாத்தான் போட்டுட்டேன்னு இவளே இன்னும் நெனச்சினு இருக்கா.”

செல்வி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் இரண்டாவது முறையாகச் சொன்னேன். முதல் முறையைவிட இது கடினமாக இருந்தது. முழுக்கக் கேட்டார்.

“அந்தப் பச்சை லைட்டு எரிய ரெண்டரை வருசம் ஆச்சுங்களா சார்?” என்றார். பிறகு புருஷனைப் பார்த்து, “ஏன்யா, நீயாவது அடிச்சுச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னேனே. நீதான் படிச்சவர் பொய் சொல்வாரான்னு கேட்ட.”

அடுத்த நாள் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: “இப்ப போயி இத எதுக்குங்க கெளர்றீங்க? தெருவுல என் மூஞ்சி என்ன ஆவும்?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொன்னதத்தான நீங்க சொன்னீங்க.”

“அது சரி. ஆனா குரூப்புல போட்டது நான்தானே.”

கவிதா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நான் அன்னிக்கே பாத்தேன் சார்” என்றார். “நீங்க அந்தச் சுவிட்ச ரெண்டு மூணு தடவ திருப்பினீங்க. கைல ஸ்க்ரூட்ரைவர்கூட எடுக்கல. நீங்களே மாமாகிட்ட சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் என் வேலையக் காப்பாத்திக் குடுத்தவராச்சேன்னு வாய மூடிக்கினேன். என்மேலயும் தப்பு இருக்கு.”

தணிகாசலம் மருமகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழம சங்கக் கூட்டம் இருக்கு. வாங்க” என்றார்.

கூட்டம் அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து இருபது பேர். ஏழுமலையும் செல்வியும் வந்திருந்தார்கள். அதே கேட்டைத் தாண்ட ஏழுமலை ஒரு நிமிடம் தயங்கினார்; தணிகாசலம் எழுந்து போய், “வாய்யா உள்ள” என்று அழைத்து வந்தார். நான் எழுதிவைத்திருந்ததைப் படித்தேன். குழுவிலும் அதையே என் பெயரில் போட்டேன். ஆனால் காகிதத்தைப் படிப்பது போதாது என்று எனக்குத் தெரியும். ஏழுமலை மெயின் பலகை அருகில் நின்றார். கவிதா மாடியில். நான் படிக்கட்டில்.

“ரெட்டு!” என்று ஏழுமலை திருப்பினார்.

“பச்சை!” என்றார் கவிதா.

“எல்லோ!”

“சிவப்பு!”

“என்னங்க இது, ரெட்டுல போட்டா பச்சை எரியுது, எல்லோல போட்டா செவப்பு எரியுது! போலீஸ்காரனே கொழம்பிடுவான்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாலு முறை திருப்பினோம். பிறகு ஏழுமலை மாடியில் ஒவ்வொரு பாக்ஸாகக் கழற்றி இணைப்புகளைக் காட்டினார். இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவர் கேட்ட ஐந்து நிமிடம் அது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “அப்ப இவ்ளோ நாளா ஏன் சார் சொல்லல?”

“என் பேர் போயிடும்னு பயம்.”

“அவன் பேர் போனது பரவால்லியா?”



ஏழுமலையிடமிருந்து வேலையை மாற்றிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எழுந்து நின்றார். “ஒரு வார்த்தை உன்னக் கேட்டிருக்கணும் ஏழுமலை. கேக்காம விட்டுட்டேன்.”

“பரவால்ல வாத்தியாரே. உங்க வீட்ல ஃபேன் ஓடுதில்ல?”

“மூணாவது ரூம்ல ஓடலப்பா.”

அதற்கு எழுந்த சிரிப்பில் செல்வியும் சேர்ந்துகொண்டார். போகும் வழியிலேயே ஏழுமலை அந்த மூன்றாவது அறையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. போன வீடுகள் போனவைதான். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்க ஏழுமலை மறுவாரமே பெங்களூருக்குத் திரும்பினார். என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளில் சில கூப்பிடுவதை நிறுத்தின, அது நியாயம்தான். ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் போன் செய்து ஏழுமலையின் எண்ணைக் கேட்டார்கள். கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தணிகாசலமே கேட்டார். இரண்டாவது மாடி எடுக்கிறார்களாம். கவிதாவுக்குத் தனி அலுவலக அறை. “வேற யாரையும் போடக் கூடாதுன்னுட்டா எங்க மருமவ” என்றார். ஏழுமலை ஊருக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

போன மாதம் அவர் என்னைக் கூப்பிட்டார். “சார், நாளைக்கு பெயின்டர் வர்றான். ஜாயின்ட் பாக்ஸ மூடி மேல பெயின்ட் அடிச்சுடுவான். அதுக்கு முன்னாடி வந்து பாத்துட்டுப் போயிடுங்க. அப்புறமா வந்து லூஸுன்னு சொல்லக் கூடாது.”

போனேன். எல்லா பாக்ஸையும் திறந்தே வைத்திருந்தார். ஏணியை அவர் பிடித்துக்கொள்ள, நான் ஏறி ஒவ்வொரு இணைப்பையும் விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பதினெட்டு பாக்ஸ். எழுபதை நெருங்கும் முழங்கால் எட்டாவது பாக்ஸிலேயே கெஞ்ச ஆரம்பித்தது. “போதும் ஏழுமலை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன். “அதெல்லாம் வேணாம், பதினெட்டும் பாருங்க” என்றார். ஓரிடத்தில் டேப் கொஞ்சம் விலகியிருந்தது. காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சுற்றினார். மின்கம்பிக் குழாயோடு சேராமல் தனியாக ஒரு குழாய் கீழே கூடத்திலிருந்து கவிதாவின் அறைவரை வந்திருந்தது. “இது நெட்டு கேபிளுக்கு. உங்க பொட்டிக்கு இனிமே இந்த வீட்ல வேலை இல்ல சார்” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

பெயின்டர் ஒரு நாள் முன்னதாகவே வந்து வாளியோடு நின்றுகொண்டிருந்தார். “அண்ணே, மூடலாமா?” என்று ஏழுமலையைக் கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். தணிகாசலமும் அந்த ஆசிரியரும் படியேறி வந்து நின்றிருந்தார்கள்.

“ஜாயின்ட் எல்லாம் கெட்டியா இருக்கு. மூடலாம்” என்றேன்.

“தெருவுக்குக் கேக்கல சார்” என்றார் ஏழுமலை.

போய் ஜன்னலைத் திறந்து இன்னொரு முறை சொன்னேன்.